வரைபடத்தில் ஒரு சின்னக் கட்டம்

சென்ற பொங்கல் விழாவன்று பந்தி முடிந்து கை கழுவும் இடத்தில் நம் சங்கத்துச் சகோதரி ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "அண்ணா, எங்க பையன் ஹெப்பாள்ல ஒரு கம்பெனியில குவாலிட்டியில சேர்ந்து ஆறு மாசம் ஆச்சு. என்னடா வேலைன்னு கேட்டா, 'கட்டம் படிக்கிறேம்மா'ன்னு சொல்றான். ஜோசியம் கீசியம் கத்துக்கிறானோன்னு பயமா இருக்கு" என்றார்.

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் பையன் சொன்னது முழு உண்மை. இயந்திர உதிரிபாகங்களைச் சோதிப்பவனுக்குக் கட்டம் படிப்பதுதான் வேலையில் பாதி. ஜாதகக் கட்டத்துக்கும் இதற்கும் ஓர் ஒற்றுமை உண்டு. தப்பாகப் படித்தால் அடுத்தவர் குடி கெடும். அப்படி என் கையால் ஒருவருக்கு நேர்ந்தது. அதையும் மறைக்காமல் எழுதுவதென்றால்தான் எழுதுவேன் என்று நம் மலர் ஆசிரியரிடம் சொன்னேன். "அதைத்தான் முதலில் எழுதுங்கள்" என்றார் அவர்.

நான் சேலத்திலிருந்து மைசூருக்கு வந்த நாள் முதல் தேவராஜ மொஹல்லாவாசி. திவான்ஸ் ரோடுக்குப் பின்னால் வாடகை வீடு. வீட்டுக்காரர் மாறினார், நான் மாறவில்லை. அப்போது யாதவகிரியில் யெஸ்டி மோட்டார் சைக்கிள் செய்துகொண்டிருந்த ஐடியல் ஜாவா 1996-ல் மூடிப்போயிற்று. ஆனால் மேட்டகள்ளி, ஹூட்டகள்ளி, ஹெப்பாள் பக்கமெல்லாம் தொழிற்சாலைகள் பெருகின. நம் குடும்பங்களிலும் ஐ.டி.ஐ., டிப்ளமா முடித்து அங்கே போகிற பிள்ளைகள் பலர். நான் அந்த வட்டாரத்தில் முப்பது வருடத்துக்கு மேல் இன்ஸ்பெக்ஷனில் இருந்து ஓய்வு பெற்றவன்.

தாய்மார்களுக்கும் புரியும்படி சொல்ல ஒரு பொருள் வேண்டும். இட்லித் தட்டை எடுத்துக்கொள்வோம். நடுவில் கம்பியில் செருக ஒரு துளை, சுற்றிலும் நான்கு குழி. இதே ஜாடையில் கனமான இரும்பில் செய்து, குழி இருக்கும் இடத்தில் நான்கு துளை போட்டால், அதுதான் ஃபிளான்ஜ். நான்கு துளையிலும் போல்ட் விட்டு இன்னொரு பாகத்தோடு முடுக்குவார்கள். அந்த இன்னொரு பாகத்தில் மரை போட்ட நான்கு துளைகள் எதிரே நிற்கும்.

எந்தத் துளையையும் எழுதிய அளவுக்கே அச்சாகப் போட எந்த மிஷினாலும் ஆகாது. ஆகவே வரைபடத்தில் "8.4 முதல் 8.6 மில்லிமீட்டர் வரை இருக்கலாம்" என்று ஓர் எல்லை கொடுப்பார்கள். இந்த விட்டுக்கொடுப்புக்குத்தான் டாலரன்ஸ் என்று பெயர். ஆனால் அளவு மட்டும் சரியாக இருந்து பயன் என்ன? துளை 8.5 என்று அழகாக வந்திருக்கும். இருக்க வேண்டிய இடத்தை விட்டு ஒரு மில்லிமீட்டர் தள்ளி வந்திருக்கும். போல்ட் ஏறாது. இடம், சாய்வு, தட்டை, உருட்சி இவற்றுக்கெல்லாம் தனியாக எல்லை சொல்ல வேண்டியிருக்கிறது. அதைச் சொல்வதுதான் அந்தச் சின்னக் கட்டம்.

ரயில் பெட்டி போல நீளமான கட்டம், உள்ளே நான்கைந்து அறைகள். நம் ஃபிளான்ஜின் கட்டத்தில் முதல் அறையில் ஒரு வட்டமும் அதைக் குறுக்கே வெட்டும் கூட்டல் குறியும் இருக்கும். இது இடத்தைப் பற்றிய கட்டளை என்று அர்த்தம். இரண்டாம் அறையில் விட்டக் குறியும் 0.2 என்ற எண்ணும், அதை ஒட்டி வட்டத்துக்குள் ஒரு எம் எழுத்தும். மூன்றாம் அறையில் ஏ. நான்காம் அறையில் பி. வாய்விட்டுப் படித்தால் இப்படி வரும்: "ஏ என்று பெயரிட்ட முகத்தைப் படிய வைத்து, பி என்று பெயரிட்ட நடுத்துளையை மையமாக எடுத்துக்கொண்டு பார்த்தால், நான்கு துளைகளின் மையமும் அதனதன் சரியான இடத்தைச் சுற்றி 0.2 விட்டமுள்ள வட்டத்துக்குள் இருக்க வேண்டும்." எம் எழுத்தை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். அன்றைக்கு நானும் அதைத்தான் விட்டேன்.

முதலில் ஏ, பி. இவற்றை டேட்டம் என்பார்கள். எங்கிருந்து அளக்க வேண்டும் என்பதற்கான அடையாளம். இதன் அருமை நம் ஊர்க்காரர்களுக்கு நன்றாகவே தெரியும். ஒரு முறை சேலத்திலிருந்து வந்த என் மச்சினரிடம், "கடியாரத்துக்கிட்ட இறங்கி நில்லுங்க, அங்கிருந்து நூறு அடிதான்" என்று சொல்லிவிட்டேன். நான் நினைத்தது தேவராஜா மார்க்கெட் முன்னால் நிற்கும் சிக்க கடியாரம், 1886-ல் கட்டியது. அவர் போய் நின்றது அரண்மனைப் பக்கத்துத் தொட்ட கடியாரம், நால்வடி கிருஷ்ணராஜ உடையாரின் வெள்ளிவிழாவுக்காக 1927-ல் எழுப்பியது. ஒரு மணி நேரம் வெயிலில் நின்றார். நூறு அடி என்ற அளவு சரி, கடியாரம்தான் வேறு. இன்ஸ்பெக்ஷனில் நடக்கும் சண்டைகளில் முக்கால்வாசி இந்த வகைதான். சப்ளையர் ஒரு கடியாரத்திலிருந்து அளந்திருப்பார், வாங்குகிறவர் வேறு கடியாரத்திலிருந்து அளப்பார். இருவர் கையிலும் சரியான எண் இருக்கும்.

எழுத்துகளின் வரிசைக்கும் அர்த்தம் உண்டு. ஏ முதலில் என்றால் முகம் முதலில் படிய வேண்டும், பிறகுதான் நடுத்துளையைப் பிடிக்க வேண்டும். நடுத்துளையை ஒரு மாண்ட்ரலில் இறுக்கிக் கொண்டு அளந்தால் முகம் லேசாகச் சாய்ந்து நிற்கும், அளவு மாறிவிடும்.

இனி என் கதை. 1993-ல் நான் ஒரு நிறுவனத்தில் வெளியிலிருந்து வரும் சரக்கைச் சோதிக்கும் பிரிவில் இருந்தேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர் ஒருவர் சின்னப் பட்டறை வைத்திருந்தார். இரண்டு லேத், ஒரு மில்லிங், ஒரு டிரில்லிங் மிஷின். அவரிடமிருந்து 240 ஃபிளான்ஜ் வந்தது. ஆங்கிள் பிளேட்டில் வைத்து ஹைட் கேஜால் ஒவ்வொரு துளையையும் அளந்தேன். ஒரு ஜாபில் ஒரு துளை, பக்கவாட்டில் 0.09, மேல்வாட்டில் 0.08 தள்ளியிருந்தது. இரண்டின் வர்க்கங்களையும் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, விட்டமாக்க இரண்டால் பெருக்கினால் 0.24. விட்டிருப்பது 0.2. ரிஜெக்ட்! இப்படி 64 ஜாபுக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்துக் கூண்டில் போட்டேன்.

மறுநாள் அவர் மொபெட்டில் வந்தார், ஒரு கோணிப்பையோடு. பைக்குள் கனமான ஓர் இரும்புத் தட்டு. நான்கு முளை, நடுவில் மாற்றிப் போடும்படி ஒரு குமிழ். நடுத்துளை லேசாகக் கூடக் குறைய வந்தாலும் ஆடாமல் பிடிப்பதற்காக மூன்று அளவில் குமிழ் கடைந்து வைத்திருந்தார். என் கண் முன்னால் சிவப்பு அடித்த ஜாப் ஒன்றை எடுத்துத் தட்டின் மேல் வைத்து இலேசாகத் திருகினார். 'ணங்' என்று உட்கார்ந்தது.

"பாருங்க சார், உக்காந்துருச்சுங்களே. போல்ட்டு எட்டு மில்லி. அந்தப் பக்கத்து மரைத்துளை சுத்தி நூறு மைக்ரான் இப்படியோ அப்படியோ நகரும். அதையும் சேத்து முளையை எட்டு ரெண்டுல கடைஞ்சிருக்கேனுங்க. இதுல உக்காந்தா அதுலயும் உக்காருமுங்க."

"அண்ணா, உங்க தட்டுக்கு டிராயிங்ல இடம் இல்ல. கணக்கு 0.24 காட்டுது. டிராயிங்தான் சட்டம்" என்றேன். அப்போது எனக்கு அது பெரிய நேர்மையாகத் தெரிந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை. தட்டை என் மேசை ஓரத்திலேயே வைத்துவிட்டுப் போனார். சொந்தச் செலவில் வார்ப்பு வாங்கி 64 ஜாபும் புதிதாகச் செய்து கொடுத்தார். அதுவரை மொத்தப் பில்லும் நின்றது. பழைய 64-ஐ எடுத்துப் போக அவர் வரவில்லை.

நான்கு மாதம் கழித்து, அந்த வரைபடத்தை வரைந்த வாடிக்கையாளர் கம்பெனியின் எஞ்சினீயர் ஒருவர் வேறு வேலையாக வந்தார். சிவப்புக் கூண்டைப் பார்த்தார். என் கணக்குத் தாளைப் பார்த்தார். பென்சிலால் அந்த எம் எழுத்தைச் சுற்றி இன்னொரு வட்டம் போட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையை இன்றுவரை மறக்கவில்லை.

எம் என்பது பாகத்தில் உலோகம் அதிகபட்சம் இருக்கும் நிலையைக் குறிக்கும். துளை எவ்வளவு சிறியதோ அவ்வளவு உலோகம் மீதி இருக்கும். நம் ஃபிளான்ஜில் அது 8.4. கட்டத்தில் உள்ள 0.2 அந்த நிலைக்கு மட்டும்தான். துளை பெரிதாகப் பெரிதாக, கூடிய அளவு அப்படியே இடத்துக்கான சலுகையோடு சேரும். வீடு மாற்றும்போது பீரோவை வாசலில் நுழைத்துப் பார்த்தவர்களுக்கு இது சொல்லாமலே தெரியும். வாசல் இறுக்கமாக இருந்தால் நேராகத்தான் நுழைக்க வேண்டும்; இரண்டு விரற்கடை அகலமாக இருந்தால் கொஞ்சம் தள்ளியும் நுழைக்கலாம். நான் ரிஜெக்ட் செய்த அந்த ஜாபின் துளை 8.52 இருந்தது. 8.4-ஐ விட 0.12 கூடுதல். ஆக அதற்கு உரிய சலுகை 0.2 அல்ல, 0.32. என் கணக்கில் வந்ததோ 0.24. துளை 8.6 இருந்தால் 0.4 வரைகூடப் போகலாம். 8.6-ஐத் தாண்டினால் மட்டும் அளவிலேயே தோற்றுவிடும்; அங்கே எம் காப்பாற்றாது.

இதையே இன்னொரு விதமாகவும் சொல்லலாம். மிகச் சிறிய துளை 8.4, அதிலிருந்து 0.2 கழித்தால் 8.2. முகத்தில் படிந்து, நடுத்துளையைப் பிடித்து, 8.2 முளைகள் நான்கும் ஒரே நேரத்தில் நுழைந்தால் இடம் சரி. கணக்கே வேண்டாம். பொள்ளாச்சிக்காரர் போல்ட்டில் தொடங்கி 8.2-க்கு வந்தார், வரைபடம் துளையில் தொடங்கி அதே 8.2-க்கு வருகிறது. அவர் கட்டம் படிக்கவில்லை. ஆனால் கட்டம் சொல்வதை அப்படியே இரும்பில் செய்து கொண்டுவந்து என் மேசையில் வைத்திருந்தார்.

எஞ்சினீயர் கேட்டார், "இந்த கேஜ் யார் பண்ணினது?" சொன்னேன். 64 ஜாபையும் தட்டில் போட்டுப் பார்த்தோம். 61 உட்கார்ந்தன. மூன்றுதான் நிஜமாகவே தப்பு. நான் இன்னொரு பிழையும் செய்திருந்தேன். முதல் துளையைக் கோட்டில் நிறுத்திவைத்து மற்ற மூன்றை அளந்திருந்தேன். கட்டத்தில் ஏ, பி மட்டுமே இருந்தால் நான்கு துளைகளும் சேர்ந்து நடுவைச் சுற்றித் திரும்பிக்கொள்ள உரிமை உண்டு. முதல் துளைக்குத் தனி மரியாதை கிடையாது. அவர் தட்டில் வைத்து இலேசாகத் திருகினாரே, அது அந்த உரிமைதான்.

61 ஜாபையும் கம்பெனி பிறகு எடுத்துக்கொண்டு பணம் கொடுத்தது. ஆனால் அதற்குள் அவர் ஒரு லேத்தை விற்றிருந்தார். நான் நேரில் போய் நடந்ததைச் சொன்னேன். மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார். கம்பெனியில் "சார்" என்பவர் பட்டறையில் "தம்பி" என்றுதான் கூப்பிடுவார். "எம்முன்னு ஒண்ணு இருக்குதுன்னா நீங்கதானுங்களே தம்பி சொல்லோணும். நான் ஏழாவதுங்க" என்றார். பிறகு பையனைக் கூப்பிட்டு எனக்கு டீ வாங்கிவரச் சொன்னார்.

அதற்குப் பிறகுதான் இந்தக் கட்டத்தின் பூர்வீகத்தைத் தேடிப் படித்தேன். ஸ்காட்லாந்தில் அலெக்சாண்ட்ரியா என்ற ஊரில் கடற்படைக்கு டார்பிடோ செய்யும் அரசுத் தொழிற்சாலை இருந்தது. அங்கே வேலை பார்த்த ஸ்டான்லி பார்க்கர் என்பவர்தான் இந்த முறைக்கு மூலவர் என்று சொல்வார்கள். 1940-ல் இதைப் பற்றி எழுதி வெளியிட்டார். இன்ஸ்பெக்ஷனில் தோற்ற பாகங்கள் பொருத்திப் பார்த்தால் ஒழுங்காகப் பொருந்துவதை அவர் கவனித்தார். என் கூண்டில் இருந்த அதே விவகாரம்!

பழைய முறையில் துளையின் இடத்தைப் பக்கவாட்டில் கூடக் குறைய 0.1, மேல்வாட்டில் கூடக் குறைய 0.1 என்று எழுதுவார்கள். அப்படியானால் துளை மையம் ஒரு சதுரத்துக்குள் இருக்கலாம். சதுரத்தின் மூலை நடுவிலிருந்து 0.14 தூரம், அங்கே இருந்தால் பாஸ். நேர் பக்கத்தில் 0.12 தூரத்தில் இருந்தால் ஃபெயில். குறைவாகத் தள்ளியது தோற்கிறது, அதிகமாகத் தள்ளியது ஜெயிக்கிறது. போல்ட்டுக்கு மூலை ஏது? மூலையில் வேலை செய்யுமென்றால் அதே தூரத்தில் எந்தத் திசையிலும் வேலை செய்யும். சதுரத்தின் நான்கு மூலைகளைத் தொட்டு ஒரு வட்டம் போட்டால் இடம் 57 சதவீதம் கூடுகிறது. ஒரு பைசா செலவில்லாமல் அவ்வளவு நல்ல பாகம் மிச்சம். இரண்டாம் அறையில் எண்ணுக்கு முன்னால் விட்டக் குறி நிற்பதன் காரணம் இந்த வட்டம்தான்.

எம் இருந்தால் சலுகை என்று சொன்னதைப் பிடித்துக்கொண்டு எங்கும் சலுகை கொடுத்துவிடக் கூடாது. இது எதிர்ப்பக்கத்துத் தப்பு. என் தப்பை விட ஆபத்தானது. டவல் பின் உட்காரும் துளை, பேரிங் உட்காரும் துளை போன்றவற்றின் கட்டத்தில் பெரும்பாலும் எம் இருக்காது. அங்கே துளை எவ்வளவு பெரிதாக வந்தாலும் எழுதிய 0.02 என்றால் 0.02-தான். கியர் பெட்டி ஒன்றில் ஒரு பையன் தானாகச் சலுகை கூட்டிப் பாஸ் செய்துவிட்டான். பொருத்தும்போது எல்லாம் பொருந்தின, ஓடும்போது கத்தியது. போல்ட் நுழைந்தால் போதும் என்பது ஒரு வேலை, பல்லோடு பல் சரியான தூரத்தில் நிற்க வேண்டும் என்பது வேறு வேலை. டிசைன் செய்தவர் எம் எழுதாமல் விட்டது மறதியால் அல்ல.

இளைஞர்களுக்கு இன்னும் இரண்டு மூன்று சொல்கிறேன். முதல் அறையில் ஓர் இணைகரம் இருந்தால் தட்டை பார்க்க வேண்டும். ஜாபைச் சர்ஃபேஸ் பிளேட்டில் வைத்து மேலே டயலை ஓட்டி "இவ்வளவு" என்று எழுதுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அது தட்டை அல்ல. அடிமுகத்துக்கு மேல்முகம் இணையாக இருக்கிறதா என்பது. தட்டைக்கு டேட்டமே கிடையாது, கட்டத்திலும் எழுத்து இருக்காது. மூன்று சின்ன ஜாக்கின் மேல் ஜாபை வைத்து, மேல்முகத்தில் மூன்று இடங்களை ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்து, அதன் பிறகு டயல் விட வேண்டும்.

உருட்சியும் அப்படித்தான். சென்டர்லெஸ் கிரைண்டிங்கிலிருந்து வரும் பின், மைக்ரோமீட்டரில் எந்தப் பக்கம் பிடித்தாலும் ஒரே அளவு காட்டும்; ஆனாலும் மும்முகமாக இருக்கும். இங்கிலாந்தின் ஐம்பது பென்ஸ் நாணயம் ஏழு பக்கம் உள்ளது, எப்படிப் பிடித்தாலும் ஒரே அகலம். அதை யாராவது வட்டம் என்பார்களா? வி பிளாக்கில் வைத்து டயலுக்கடியில் சுற்றினால் மும்முகம் உடனே தெரிந்துவிடும்.

வரைபடத்தின் மூலையில் எந்தத் தரவிதி என்று எழுதியிருப்பதை யாரும் படிப்பதில்லை. நம் நாட்டு ஐ.எஸ். 8000, உலகப் பொதுவான ஐ.எஸ்.ஓ. 1101-ன் வழியில் வருவது. அமெரிக்க வரைபடம் என்றால் ஏ.எஸ்.எம்.இ. ஒய் 14.5. குறிகள் ஏறக்குறைய ஒன்றே, நடைமுறை ஒன்றல்ல. அமெரிக்க விதியில் ஷாஃப்டின் அளவு எல்லையே அதன் நேர்த்திக்கும் எல்லை. அதிகபட்ச அளவில் இருக்கும் ஷாஃப்ட் வளைந்திருக்கவே கூடாது. ஐ.எஸ்.ஓ. வழியில் அளவு தனி, வடிவம் தனி. சேர்த்துப் பார்க்க வேண்டுமானால் வட்டமிட்ட இ எழுத்து இருக்க வேண்டும். 2018-ல் வந்த அமெரிக்கப் பதிப்பில் கான்சென்ட்ரிசிட்டி, சிமெட்ரி என்ற இரண்டு குறிகளையும் எடுத்தே விட்டார்கள். பழைய வரைபடங்களில் அவை இன்னும் வரும், திகைக்க வேண்டாம்.

"இப்போ எல்லாம் சி.எம்.எம். மிஷின் பாத்துக்கும் மாமா" என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். நல்ல மிஷின்தான். ஆனால் முகத்தில் முதலில் தொடாமல் நடுத்துளையில் முதலில் தொட்டால், அது மறுபேச்சுப் பேசாமல் தப்பான கடியாரத்திலிருந்து மைக்ரான் சுத்தமாக அளந்து கலரில் அச்சடித்துக் கொடுக்கும். எம் பட்டனை அமுக்கவில்லை என்றால் அதுவும் 1993-ல் நான் செய்ததையே செய்யும். இன்னொன்று: அளவுகள் எல்லாம் 20 டிகிரி செல்சியஸுக்கு எழுதப்பட்டவை. ஏப்ரல் மாதத்தில் 32 டிகிரியில் கிடந்த 300 மில்லிமீட்டர் அலுமினிய ஜாபைக் கொண்டுவந்த கையோடு அளந்தால் 0.08 கூடுதலாகக் காட்டும். ஒரு பொழுது அளவறையில் கிடக்கட்டும்.

அந்த முளைத் தட்டு என்னிடம்தான் இருக்கிறது. ஓய்வு பெறும்போது கேட்டு வாங்கிக்கொண்டேன். மூன்று குமிழும், சிவப்பு உதிர்ந்துபோன ஃபிளான்ஜ் ஒன்றும் கூடவே உண்டு. அந்தச் சகோதரியின் மகனும் அவன் நண்பர்கள் இருவரும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வந்து, வர்க்கமூலம் போட்டு ஒரு முறை, தட்டில் வைத்து ஒரு முறை என்று பார்த்துவிட்டுப் போனார்கள். மற்றப் பிள்ளைகளும் வரலாம். ஞாயிறு மாலை நான்கு மணிக்கு மேல் வீட்டில் இருப்பேன். வரைபடம் இருந்தால் கையோடு கொண்டுவாருங்கள். வழி தெரியாதவர்கள் சிக்க கடியாரத்தடியில் நின்று போன் செய்தால் வந்து கூட்டிப் போகிறேன்.